மூன்றாம் கட்டம்

ஹட்டனில், பேக்கரிக்கு மேலே, வாடகை அறை.
கீழே பாண் வேகும் வாசம்.
மேலே நான் ஒரு பொலிஸ் நிலையம் கட்டிக்கொண்டிருந்தேன்
புள்ளி புள்ளியாய், கணினித் திரையில்.
பச்சைச் சுவர், மேசை, மழைக்கோட்டுத் தொங்கும் ஆணி.
மூலையில் கடிகாரம்:
இருபத்துநான்கு மணித்தியாலம்.
அதற்குள் நீதவானைக் கண்டுவிட்டால்
நூறு புள்ளி.

கதை சின்னது.
காற்றில் முறிந்த சவுக்குக் கிளையை
ஒருவன் அடுப்புக்கு இழுத்துப் போகிறான்.
திருட்டு என்று பிடிக்கிறார்கள்.
மிச்சமெல்லாம் விளையாடுகிறவர் கையில்.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள்
ஈரக் குடைகளைப் படியில் விரித்துவிட்டு.
டிலுக்ஷன் முதல் கட்டத்திலேயே ஓடப் பார்த்தான்.
ஓடுவதற்குப் பொத்தான் இல்லை என்றதும்
என்ன கேம் இது என்றான்.

மூன்றாம் கட்டம் வாக்குமூலம்.
பேசு.
கையெழுத்திடு.
மௌனமாயிரு.
சரியான விடை மூன்றாவது.
அழுத்தினால் மணி ஒலிக்கும்:
உன் உரிமையைப் பயன்படுத்தினாய்!
அந்த மணியோசைக்கு மட்டும்
இரண்டு இரவு விழித்திருந்தேன்.

நிரோஜினி எதையும் அழுத்தவில்லை.
நேரம் தீர்ந்தது. மறுபடி தொடங்கினாள்.
மறுபடியும் தீர்ந்தது.
திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

அக்கா, எங்கப்பா இதத்தான் அழுத்துனாரு.
எதை?
மூனாவத.
சிங்களத்துல கேட்டாங்க. வெளங்கல. சும்மா நின்னாரு.
ஒத்துக்கிட்டான்னு எழுதிட்டாங்க.
மணியெல்லாம் அடிக்கல.

மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
எடை குறைந்தால் அரைப் பேர்.
பதினொரு தவணைக்குப் பதினொரு பேர் போச்சு, என்றாள்.
கோட்டுல கூப்புடுறப்ப
அவரு பேரக்கூட சரியா கூப்புடல.
ரெண்டு தரம் கூப்புட்டும்
வேற யாரோன்னு நெனச்சு ஒக்காந்திருந்தாரு.

அவள் சிரித்தாள்.
மற்றவர்களும் சிரித்தார்கள்.
நான் கணினியை மூடினேனா, தேநீர் வாங்கப் போனேனா,
நினைவில்லை.

பிறகு மூன்று வாரம் பிரித்து எழுதினேன்.
புள்ளிகளை எடுத்துவிட்டுப் பேர்கள் வைத்தேன்;
ஒவ்வொரு தவணைக்கும் ஒன்று குறையும்.
பஸ் வைத்தேன்.
சில நாள் வராத பஸ்.
நீதிமன்ற வாங்கில் காத்திருக்க வைத்தேன்,
தாண்டிப்போக வழி கொடுக்காமல்.
நாலாவதாய் ஒரு பொத்தான்:
எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள்.
அத்தனை நீள வாக்கியம் பெட்டிக்குள் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்க மனம் வராமல்
பெட்டியைப் பெரிதாக்கினேன்.

இப்ப போர் அடிக்குது, என்றான் டிலுக்ஷன்.
காசு கொடுத்த கொழும்பு அலுவலகமும்
அதையே கொஞ்சம் மரியாதையாய் எழுதியிருந்தது.

ஆடி மழையில் ஒரு நாள் நிரோஜினி போன் எடுத்தாள்.
அடையாள அட்டை தொலைந்துவிட்டதாம்.
முறைப்பாடு கொடுக்க நிலையத்துக்குத் தனியாகப் போனாளாம்.
எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்,
கையெழுத்துக்கு.

நாலாவத அழுத்திட்டேன் அக்கா.
எப்படி?
வாயாலதான்.

சார்ஜன் பேனையை வைத்துவிட்டுப் பார்த்தாராம்.
சிரித்தாராம்.
பிறகு சன்னலால் எட்டி யாரையோ கூப்பிட்டாராம்.
எதிர்க் கடையிலிருந்து ஒரு பையன்,
ரொட்டி மா ஒட்டிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து
வரி வரியாய் வாசித்துச் சொன்னானாம்.
தொலைந்த இடம் கொட்டகலை என்றிருந்தது.
அவள் தொலைத்தது தலவாக்கலையில்.
வெட்டித் திருத்தினார்கள்.
தாளில் மாவுக் கைரேகை.

இது சட்டப்படி சரியா,
நான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.
என் நிலையத்தில் சுவர் இருக்கிறது, ஆணி இருக்கிறது,
எதிரில் கடை இல்லை.
சன்னலே இல்லை.

என்ன கலர் சாரம், என்று கேட்டேன்.
எதுக்கு அக்கா?
வரையணும்.

கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது.
கவனிக்கல, என்றாள்.
நான் தாளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.